சண்டை பீரியட்

சாரதாமணி டீச்சரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இது மேல். ஆனால் அவரைப் பற்றி எழுதக்கூடிய மற்றவர்கள் எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு வழியில்லை, நான்தான் எழுத வேண்டும்.

என் பெயர் நூர்ஜான். திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். சாரதாமணி அங்கே ஆங்கிலம். பதினோரு வருடமாக எங்களுக்கு ஒரே ஓய்வறை, பக்கத்துப் பக்கத்து மேஜை. அவர் கொண்டுவரும் கொள்ளுப்பருப்பை நான் தின்பேன், என் தேங்காய்ச் சோற்றை அவர் தின்பார். வகுப்பறையும் அடுத்தடுத்துத்தான். நடுவில் ஒரே ஒரு சுவர்.

அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு ஓடுகிறது. வலது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன. இரண்டும் வாங்கியது வகுப்பறையில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது. ஆங்கிலப் பாடம் நடத்தியதற்கு எலும்பு முறிந்த ஒரே ஆசிரியை இந்த ஜில்லாவில் அவராகத்தான் இருப்பார்.

அவர் பிறந்தது சேவூர் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் ஒருவர் மர ஸ்கேலைப் படுக்கையாக வைத்து அடிக்க மாட்டாராம். விளிம்பால், விரல் முட்டியில் அடிப்பாராம். தப்பாகச் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முட்டி. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றுப்போய், பதினேழு வயதில் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனார். ஆறு வருடம் நின்றபடி ஓட்டை பார்க்கும் வேலை. அங்கேயும் அடிதான். பீஸில் ஒரு ஓட்டையைக் கவனிக்காமல் விட்டால் காண்ட்ராக்டர் அந்தப் பீஸையே முறுக்கி முகத்தில் வீசுவார். அந்த ஆறு வருடத்துக்குள் தோற்ற பரீட்சையை மறுபடி எழுதித் தேறி, அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, பிறகு எம்.ஏ.வும் முடித்தார். எந்தப் பாடம் அவருடைய விரலை உடைத்ததோ அதே பாடம்.

"ஏன் டீச்சர், தமிழ் எடுத்திருக்கலாமே, நானாவது துணைக்கு இருந்திருப்பேன்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என்னை அடிச்சதை நான் திருப்பி அடிக்கோணுமல்லங்க" என்றார்.

அடித்தார். பாடத்தை அல்ல, பிள்ளைகளை. கல்லூரியில் போய் யாராவது அடிப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கல்லூரிக்கு வந்து பாருங்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சுப்போடுங்க" என்று சொல்லித்தான் பெற்றவர்களே சேர்த்துவிட்டுப் போவார்கள். பி.காம். முதல் இரண்டு வருடத்துக்கு ஆங்கிலம் கட்டாயம். பாதிப் பேர் சாயங்காலம் கம்பெனிக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்குவார்கள். மீதிப் பேர் கடையில் விற்கும் நோட்ஸை மனப்பாடம் பண்ணி வாந்தி எடுப்பார்கள். சாரதாமணிக்குத் தூக்கத்தைக் கண்டாலும் ஆகாது, வாந்தியைக் கண்டாலும் ஆகாது. டஸ்டர் பறக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் ஒவ்வொரு அறையையும் விரல் விட்டு எண்ணுவார்கள்.

2019இல் நித்தீஷ் என்று ஒரு பையன் இரண்டாம் வருடம் படித்தான். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி டீச்சர் கேள்வி கேட்டிருக்கிறார். அவன் கண்ணைத் தேய்த்தபடியே சொன்னானாம்: "இங்கிலீஷ் படிச்சு நீங்க மட்டும் என்ன மேம், லண்டனுக்கா போயிட்டீங்க? எங்ககூட இங்கதான கெடக்கறீங்க?" வகுப்பு சிரித்தது. சாரதாமணியின் வலது கை போய் அவன் இடது காதில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய் எட்டிப் பார்த்தபோது பையனின் காதில் இருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் சட்டைக் காலரில் ஊறிக்கொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து அவனுடைய அப்பா வந்தார். கத்துவார், பிரின்சிபாலிடம் போவார் என்று எதிர்பார்த்தோம். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பையனுக்கு அந்தப் பக்கம் கேக்கறதில்லீங்க. சவ்வு போயிருச்சாமா. இனி படிக்க மாட்டேங்கறானுங்க, டி.சி. மட்டும் குடுத்துட்டீங்கன்னா ஒரு கம்பெனியில சேத்திப்போடுவனுங்க" என்றார். போகும்போது டீச்சருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுக்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் சாரதாமணி தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் தொட்டதில்லை. டஸ்டரைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் அடி இல்லை என்று தெரிந்ததும் வகுப்பு முழுக்கவே தூங்கியது. ஒரு வருடம் தூங்கியது. கொரோனா வந்து இன்னும் இரண்டு வருடம் வீட்டிலேயே தூங்கியது. திரும்பி வந்தவர்களுக்கு ஆங்கிலம் என்றால் என்ன நிறம் என்றே தெரியவில்லை. டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அடிச்சாப் படிக்கறானுங்க, அடிக்காட்டித் தூங்கறானுங்க. நடுவுல வேற வழியே இல்லீங்களா?" என்று கேட்பார். என் வகுப்பிலும் குறட்டைதான்.

வழியை அவரே கண்டுபிடித்தார். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார். "உங்களுக்கு யார் மேல கோவம்? அவங்களை நேர்ல நிறுத்தினா என்ன கேப்பீங்க? எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க." நோட்ஸ் இல்லாமல் இரண்டு வரி எழுதாத பிள்ளைகள் தாளின் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதினார்கள். மறுநாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "இதை இங்கிலீஷ்ல திட்டப் போறீங்க. முன்னாடி வந்து நில்லுங்க. எதிர்ல ஒருத்தர் அந்த ஆளா நிப்பாங்க. கை ஓங்கக் கூடாது. திட்டு வாங்கறவங்க கடைசி வரைக்கும் கேக்கோணும், அப்புறம் இங்கிலீஷ்லயே பதில் சொல்லோணும். மனப்பாடம் பண்ணிச் சொன்னா உக்கார வெச்சுருவேன்."

பிள்ளைகள் அதற்குச் சண்டை பீரியட் என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தன் பஸ் கண்டக்டரைத் திட்டினான். ஒருத்தி தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவனைத் திட்டினாள். ஒருத்தன் செத்துப்போன தன் அப்பாவைத் திட்டிவிட்டு அங்கேயே அழுதான். வார்த்தை கிடைக்காமல் தவித்து, "மேம், 'மானங்கெட்டவனே'க்கு இங்கிலீஷ்ல என்னங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்டு வாங்கிய வார்த்தையை யாரும் மறக்கவில்லை. மதியம் ஷிப்டுக்குப் போக வேண்டியவன்கூட அந்தப் பீரியடை முடித்துவிட்டுத்தான் போனான். சத்தம் தாங்காமல் நான் சுவரைத் தட்டுவேன். எனக்குப் பொறாமை என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

தரணி என்கிற பெண் அந்த வகுப்பில் இரண்டாம் வருடம். பத்தொன்பது வயது. அவளுடைய அம்மா மருதாள் பூண்டி ரோட்டில் உள்ள ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். அப்பா இல்லை. முதல் நாள் தாளில் தரணி எழுதியது அம்மாவைப் பற்றி. 'எங்கம்மாவை யார் என்ன கேட்டாலும் இல்லீங்க என்றுதான் சொல்லும். பசிக்குதா என்றால் இல்லீங்க. வலிக்குதா என்றால் இல்லீங்க. எனக்கு எங்கம்மா மேல்தான் கோபம்.' டீச்சர் அதை என்னிடம் படித்துக்காட்டினார்.

வகுப்பில் பேசுவதற்கு முன்னால் தரணி வீட்டில் பயிற்சி எடுப்பாளாம். அம்மாவையே எதிரில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் திட்டுவாளாம். "எங்கம்மா சோறாக்கிட்டே கேட்டுட்டு இருக்குமுங்க மேம். ஒண்ணும் புரியாது. நான் நல்லாப் பேசறேன்னு சிரிக்கும்" என்று சொன்னாள். ஆறு மாதத்தில் அவள்தான் வகுப்பிலேயே முதல்.

போன வருடம் ஆடி மாதம் அந்தக் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், இங்கே தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். வருகிறவர் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே கம்பெனியில் பாடம் நடக்கும். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. லீவு உண்டா? உண்டுங்க. அடிப்பார்களா? இல்லீங்க. ஒப்பிக்கத் தெரியாதவர்களுக்கு அன்றைக்கு விடுமுறை. எங்கள் ஊரில் காலேஜைவிட மனப்பாடம் அதிகம் நடப்பது கம்பெனியில்தான்.

இந்த முறை வந்தவர் டெல்லிக்கார அம்மா, தமிழ் தெரியாது. வழக்கமாக மொழிபெயர்க்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி எங்கள் கல்லூரிக் கமிட்டியிலும் இருப்பவர். பிரின்சிபாலுக்குப் போன் போட்டு, நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஒரு பிள்ளை வேண்டும் என்றார். சாரதாமணி யோசிக்கவே இல்லை, தரணியைச் சொன்னார். அவளுடைய அம்மா தங்கள் செக்கிங்கில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் முதலாளிக்கு இன்னும் சந்தோஷம். "அப்ப நம்ம புள்ளதானுங்களே" என்றாராம். இங்கே எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் ஆள் எடுக்கிறது. அம்மா உள்ளே இருந்தால் பெண் வாயைத் திறக்க மாட்டாள் என்பது ஒரு கணக்கு. அந்த நம்பிக்கையில், தரணிக்கு மட்டும் யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஆடிட்டர் அம்மா மெஷின்கள் வரிசையாக ஓடும் லைனில் நடந்துபோகும்போது, அந்தப் புழுக்கத்திலும் துண்டால் காதை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அது மருதாள். தனி அறையில் மூன்று பேர். கேள்விகள் வரிசையாக வந்தன, பதில்களும் வரிசையாக வந்தன. இங்கே யாராவது உங்களை அடித்திருக்கிறார்களா? தரணி அதைத் தமிழில் கேட்டாள்.

"இல்லீங்க" என்றார் மருதாள், பெற்ற பெண்ணைப் பார்த்து.

தரணி ஆடிட்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: "அடிக்கவில்லை என்று இவர் சொல்கிறார். நான் இவருடைய மகள். அடித்தார்கள் என்று நான் சொல்கிறேன்."

துண்டை அவிழ்த்தபோது காது மடல் கறுத்து வீங்கியிருந்தது. உள்ளே வைத்த பஞ்சு ரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால், பொத்தல் விழுந்த நாலு பீஸ் பெட்டிக்குள் போய்விட்டது என்று லைன் சூப்பர்வைசர் கையால் ஓர் அறை, கீழே விழுந்தவரைத் துணிக்கட்டால் ஓர் அடி. மறுநாள் காலையில் தரணி எங்களிடம் வந்து இதையெல்லாம் சொன்னாள்.

"பயமா இல்லியா கண்ணு?" என்று கேட்டார் டீச்சர்.

"இருந்துச்சுங்க மேம். ஆனா நான் மொதல் நாளு தாள்ல எழுதினது இதுதானுங்களே."

சாரதாமணியின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அரை மணி நேரம்தான் இருந்தது. பதினோரு மணிக்கு ஈஸ்வரமூர்த்தி வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாயில் தேன். எங்கள் ஓய்வறையிலேயே உட்கார்ந்தார். "ஆர்டரை நிறுத்தி வெச்சுட்டாங்க டீச்சர். ரெண்டு லைன் ஓடறதில்லீங்க, எம்பது குடும்பம். நீங்க ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, தெரியாமத் தப்பா மாத்திச் சொல்லிப்போட்டான்னு. அவிங்கம்மா வேலைக்கும் ஒண்ணும் வராம நான் பாத்துக்கறன்."

"வருமுங்க" என்றார் சாரதாமணி.

"என்னங்க?"

"அவளுக்கு இங்கிலீஷ் வருமுங்க. நல்லா வரும். அதுல அவ ஒரு தப்பும் பண்ணலை. அடிச்சவனை வேலைய விட்டு எடுங்க. எடுத்துட்டோம்னு நானே உங்களுக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுதித் தர்றன்."

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "அடிச்சவனும் உங்க ஸ்டூடண்ட்தானுங்களாமா. நித்தீஷ்னு. ஒரு பக்கம் காது கேக்காது, ஆனா வேலைல புலிங்க."

சாரதாமணியின் வலது கை மேஜை மேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டார். திருப்பூரில் படிப்பை விட்டவன் கம்பெனியைத் தவிர வேறு எங்கே போவான்? யோசித்தால் ஆச்சரியமே இல்லை.

"லெட்டர் தர மாட்டனுங்க" என்றார் அவர்.

"நல்லதுங்க. நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார் முதலாளி. எங்கள் பக்கத்தில் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கம்பெனி வேன் கல்லூரிக்குள் வந்தது. ரௌடிகள் இல்லை, அதுதான் கொடுமை. எல்லாரும் லைனில் வேலை பார்க்கிறவர்கள், டைலர்களும் செக்கிங் பெண்களும். டீச்சர் லெட்டர் கொடுக்காததால்தான் வேலை நின்றது என்று நம்பி, ஆத்திரத்தில் வந்தவர்கள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டவ எவடீ?" என்று கேட்டபடியே மாடிப்படி ஏறினார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் நித்தீஷ். கையில் துணி ரோலில் இருந்து உருவிய இரும்புப் பைப்.

நான் என் வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று அன்றைக்குச் சொன்னேன். பொய். தாழ்ப்பாள் போட்டது எனக்காகத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் உருண்டன. ஒரு பெண் செருப்பால் அடிக்கும் சத்தம், திரும்பத் திரும்ப. யாரோ டீச்சரின் தலைமுடியைப் பிடித்து இழுத்து பெஞ்சு விளிம்பில் மோதியிருக்கிறார்கள், புருவம் அப்போது பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதில் எதிரில் நிற்பவன் யார் என்றே அவருக்குத் தெரியவில்லையாம். பைப் தலைக்கு வந்தது. வலது கையைத் தூக்கித் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கை அவன் காதில் விழுந்த சத்தமும் எனக்குக் கேட்டதுதான்.

வகுப்பில் நாற்பது பேர். எழுந்து பெஞ்சுக் கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு பேரை அடித்துக் கீழேயும் தள்ளிவிட்டார்கள். அப்போதுதான் சாரதாமணி கத்தினார்: "கை வெக்காதீங்க! ஒருத்தன் கை வெச்சாலும் நான் இந்த ரூமுக்குள்ள வர மாட்டேன்!" தரையில் கிடந்துகொண்டு, கை பின்பக்கமாக மடங்கிக் கிடக்க, அப்படிக் கத்தினார். பிள்ளைகள் கட்டையைப் போட்டுவிட்டு அவரைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். அவர்களுடைய முதுகில் விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை. கீழே நின்ற வேறு வகுப்புப் பையன்கள் வேனின் கண்ணாடியை நொறுக்கிய பிறகுதான் வந்தவர்கள் இறங்கி ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். அடித்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். "மொதல் பேரு என்னோடத எழுதிக்குங்க" என்றார் சாரதாமணி. "2019ல அந்தப் பையன் காதை ஒடச்சது நானுங்க. இவனுக்கு அடிக்கறதுக்குச் சொல்லிக்குடுத்தவளும் நான்தான். அதுக்குக் கீழ அவன் பேரை எழுதுங்க." போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். அடிபட்டதில் மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பார். கடைசியில் நித்தீஷ் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

இனி என் பங்கு. வெள்ளிக்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். மேஜையில் தட்டச்சு அடித்த கடிதம் தயாராக இருந்தது. தரணி என்னும் மாணவிக்கு ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லை, அவர் சொன்னது மொழிப் பிழையாகவே இருக்கும். ஆங்கில ஆசிரியை ஆஸ்பத்திரியில் இருப்பதால் மொழித்துறை ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருங்கிணைப்பாளர் நான்தான். என் வீட்டுக்காரர் பாரூக் கம்பெனிகளில் துணி வெட்டிய மிச்சத்தை, கட்டிங் வேஸ்ட்டை, எடுத்து விற்கிறவர். அந்தக் கம்பெனியின் வேஸ்டும் எங்கள் குடோனுக்குத்தான் வருகிறது. பிரின்சிபால் அதைச் சொல்லவில்லை. "உங்க ஊட்டுக்காரர் சௌக்கியமுங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

திங்கட்கிழமை டெல்லி அம்மா வீடியோ காலில் வருவதாக ஏற்பாடு. பிரின்சிபால் அறையில் பெரிய திரை. ஈஸ்வரமூர்த்தி வந்திருந்தார். மொழிபெயர்க்க இந்த முறை கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்சண்டைசரையே அழைத்து வந்திருந்தார். கம்பெனிக்கு ஒரு தடவை பட்டது போதும். கட்டுப் போட்ட கையோடு சாரதாமணி ஒரு நாற்காலியில். பக்கத்தில் தரணி. சுவர் ஓரமாக, நிற்கச் சொன்ன இடத்தில், மருதாள். காதில் புதுப் பஞ்சு. அவருக்கு இரண்டு நாளாகப் பாடம் நடந்திருந்தது.

என் கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். சாரதாமணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அப்படியே திரும்பிக்கொண்டார்.

டெல்லி அம்மா தரணியை விட்டுவிட்டு மருதாளைக் கேட்டார். மெர்சண்டைசர் தமிழில் சொன்னார்: "உங்க பொண்ணு அன்னிக்குச் சொன்னது தப்புதானான்னு கேக்கறாங்கம்மா. உங்களை யாராச்சும் அடிச்சாங்களா?"

மருதாள் பெண்ணைப் பார்த்தார். தரணி தலையைக் குனிந்திருந்தாள். சனிக்கிழமை ராத்திரி முழுக்க அம்மா அவள் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார், இனி வாயைத் திறக்காதே என்று. அவளும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். மருதாளின் பார்வை பிறகு டீச்சரின் கைக்குப் போனது. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஊதிப்போய் நீலமாக இருந்தன.

"சொல்லுங்கம்மா, இல்லீங்கன்னு" என்று மெர்சண்டைசர் எடுத்துக் கொடுத்தார்.

மருதாள் அவரைத் தாண்டி நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கி மேஜையில் என் கடிதத்தின் மேல் வைத்தார். மெர்சண்டைசருக்கு வேலையே வைக்கவில்லை.

"நோ மிஸ்டேக்" என்றார். "மை டாட்டர் நோ மிஸ்டேக். ஹி ஹிட் மீ. டூ டைம்." காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு டீச்சரைக் காட்டினார். "ஹர் ஆல்சோ."

தரணி ஓவென்று அழுதுவிட்டாள். ஆறு மாதமாக அடுப்படியில் வாங்கிய திட்டை எல்லாம் அந்த அம்மா ஒரு சொல் விடாமல் சேர்த்து வைத்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சாரதாமணி எழுந்து போய், இருக்கிற ஒரு கையால் மருதாளைக் கட்டிக்கொண்டார்.

நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்டர் கைவிட்டுப் போனது. கம்பெனி மூன்று மாதத்தில் வேறு பெயர்ப் பலகையோடு அதே கட்டடத்தில் திறந்தது. மருதாளுக்கு அங்கே வேலை இல்லை, இப்போது அவிநாசியில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போகிறார். நித்தீஷ் ஜாமீனில் வந்துவிட்டான், கேஸ் நடக்கிறது. வேனில் வந்த பெண்களில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். சாரதாமணியைக் கல்லூரியை விட்டு எடுக்கப் பார்த்தார்கள். அவருடைய இரண்டாம் வருடப் பிள்ளைகள் நாற்பது பேரும் கமிட்டியின் முன்னால் போய் ஆங்கிலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் சண்டை போட்டதில், அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். கமிட்டியில் பாதிப் பேருக்குப் பதில் சொல்ல ஆங்கிலம் வரவில்லை என்பது தனிக் கதை.

கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த அன்று டீச்சர் என்னோடு பேசவில்லை. கொள்ளுப்பருப்பும் இல்லை. மூன்றாவது பீரியடில் என் வகுப்புக்கு வந்து, "நூர்ஜான் டீச்சர், கொஞ்சம் வாங்க" என்றார். பின்னாலேயே போனேன். சண்டை பீரியட். என் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

"உங்களுக்கு யார் மேலங்க கோவம்? எழுதுங்க" என்றார்.

நான் என் பெயரை எழுதினேன். வேறு யார் பெயரை எழுதுவது?

முன்னால் போய் நின்றேன். எனக்கு எதிரில் யாரை நிறுத்துவது என்று டீச்சர் வகுப்பைப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்து தரணி தானாகவே எழுந்து வந்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். அதில் சொன்னேன். ஐ லாக்டு தி டோர். ஐ சைன்டு தி லெட்டர். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்வார் என்று டீச்சரைப் பார்த்தேன்.

"பதில் வாங்கோணுமல்லங்க. கடைசி வரைக்கும் கேளுங்க" என்றார்.

தரணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என் முகத்துக்கு நேராகப் பார்த்து ஆரம்பித்தாள். அவள் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மணி அடிக்கும் வரை அவள் நிறுத்தவில்லை. நானும் உட்காரவில்லை.